தப்பான விடையைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? இயக்கம், அளவீடு கணக்குகளுக்கு ஒரு வழி

"மிஸ், ஆன்சர் வரலை" என்று நோட்டை நீட்டும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "சரி, என்ன வந்துச்சு?" என்பதுதான். "தப்பா வந்துச்சு மிஸ்." அது பதில் இல்லை. 518 என்று வந்ததா, மைனஸில் வந்ததா, புத்தக விடைக்கு நூலிழை தள்ளி வந்ததா? வந்த எண்ணைச் சொன்னால், எந்த வரியில் வழுக்கியது என்று நோட்டைத் திறக்காமலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். எங்கள் தெரு முனையில் ஒரு பைக் மெக்கானிக் இருக்கிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் உடனே ஸ்பானரைத் தொட மாட்டார். "எப்ப சத்தம் வருது? கியர் போடுறப்பவா, பிரேக் பிடிக்கிறப்பவா?" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் அப்படித்தான்.

மதுரைத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் டியூஷன் எடுக்கிறேன். இரண்டு வகுப்பிலும் இயற்பியல் அளவீட்டில் தொடங்கி இயக்கத்துக்குப் போகும். பள்ளி திறந்த ஜோரில் இந்த இரண்டு பாடமும் ஓடிவிடும். அதில் விட்டது வருஷம் முழுக்கத் துரத்தும். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் விடை எந்த மாதிரிப் பிசகுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

விடை பல மடங்கு எகிறுகிறது

மேலூர் சாலையில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு பேருந்து போகிறது. பிரேக் போட்டதும் ஒவ்வொரு விநாடிக்கும் அதன் வேகம் 5 மீ/வி குறைகிறது. எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? வேகத்தை மீ/வி-இல் எழுதி, அதன் வர்க்கத்தை 2 × 5-ஆல் வகுத்தால் விடை 40 மீட்டர். ஒரு பையன் 518.4 மீட்டர் என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டிருந்தான். "பிரேக் போட்டு அரை கிலோமீட்டர் தள்ளி நிக்கிற பஸ்ல நீ ஏறுவியாப்பா?" என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

518.4-ஐ 40-ஆல் வகுத்தால் 12.96. அது 3.6-இன் வர்க்கம். அவன் 72-ஐ மீ/வி ஆக மாற்றாமல் அப்படியே வர்க்கம் எடுத்திருக்கிறான். வேகம் வர்க்கமாக வரும் சூத்திரத்தில் இந்தத் தப்பு 12.96 மடங்காகத் தெரியும். ஒற்றையாக வந்தால் 3.6 மடங்கு. அதே பேருந்து எத்தனை விநாடியில் நிற்கும் என்று கேட்டிருந்தால் 4 விநாடிக்குப் பதில் 14.4 விநாடி வந்திருக்கும்.

மாற்றும்போது 5/18-ஆல் பெருக்குவதா, 18/5-ஆல் பெருக்குவதா என்று குழம்புகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஒரே வேகத்தை இரண்டு விதமாக எழுதும்போது மீ/வி-இல் வரும் எண்தான் சின்னது. 18 என்றால் 5, 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. வினாத்தாள் எடுக்கிறவர்களுக்கும் இந்த எண்கள்தான் பிடிக்கும்.

மற்ற மடங்குகளுக்கும் இப்படி அடையாளம் உண்டு. 60 மடங்கு பிசகினால் நிமிடத்தை விநாடியாக்கவில்லை. 100 மடங்கு என்றால் சென்டிமீட்டர். பரப்பளவில் அதுவே 10,000 மடங்காகும், கன அளவில் 10 லட்சம் மடங்காகும். "ஒரு மீட்டர் நூறு சென்டிமீட்டர்தானே மிஸ், அப்போ ஒரு சதுர மீட்டர் நூறு சதுர சென்டிமீட்டர்" என்று வருஷா வருஷம் யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார்கள். பக்கத்துக்கு நூறு கட்டம் வீதம் ஒரு சதுரம் வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணச் சொன்னால் நான்காவது வரிசையிலேயே நிறுத்திவிட்டு ஒப்புக்கொள்வார்கள்.

இந்தத் தப்பு பள்ளிக்கூடத்தோடு முடிகிற ஒன்றும் இல்லை. நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுக்க, வழிகாட்டும் குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. அங்கே பிசகிய மடங்கு 4.45.

தப்பிக்க ஒரே வழி: ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போவது. கடைசி வரியில் மட்டும் அலகை ஒட்டவைக்கிற பழக்கத்தால்தான் 518 மீட்டர் வருகிறது.

சராசரி வேகம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது

திருவிழாக் கூட்ட நேரம். மதுரையிலிருந்து அழகர்கோவில் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகிறீர்கள். திரும்பும்போது சாலை காலி, மணிக்கு 60. சராசரி வேகம் என்ன? பத்தில் எட்டுப் பேர் 40 என்பார்கள். சரியான விடை 30.

போக ஒரு மணி நேரம், வர 20 நிமிடம். மொத்தம் 40 கி.மீ., 80 நிமிடம். மெதுவாகப் போன வேகத்தில்தான் அதிக நேரம் இருந்திருக்கிறீர்கள். சராசரியும் அந்தப் பக்கமே சாயும். இரண்டு பாதித் தூரங்களை வேறு வேறு வேகத்தில் கடந்தால், வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்த எண் எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். உங்கள் விடை புத்தக விடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றால் முதல் சந்தேகம் இங்கேதான் வர வேண்டும்.

கூட்டி இரண்டால் வகுப்பது சரியாக வரும் இடங்களும் உண்டு. தூரம் சமமாக இல்லாமல் நேரம் சமமாக இருந்தால் வரும். முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், சீராக இருக்கும்போது தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் அப்படிச் சேர்த்தால் வரும். அங்கே வந்ததே என்றுதான் பிள்ளைகள் இங்கேயும் தூக்கி வருகிறார்கள்.

கணக்கு சரி, விளக்க வினாவில் மட்டும் சிவப்பு மை

இதற்குக் காரணம் நம் பேச்சுவழக்கு. "பஸ் வேகமாப் போகுது", "பஸ் வேகம் எடுக்குது" இரண்டிலும் ஒரே வேகம்தான் வருகிறது. முதலாவது வேகம், இரண்டாவது முடுக்கம். மணிக்கு 100 கி.மீ. மாறாமல் நேர்கோட்டில் ஓடும் வைகை எக்ஸ்பிரஸுக்கு அந்த நேரத்தில் முடுக்கம் சுழி. கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததும் முண்டியடித்துக் கிளம்பும் ஷேர் ஆட்டோவுக்கு அந்தக் கணத்தில் வேகம் ஒன்றுமே இல்லை, ஆனால் முடுக்கம் உண்டு. எழுதுவதற்கு முன் "எடுக்குது" என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் அது முடுக்கம்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி: திசைவேகம் என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது. இத்தனைக்கும் "திசைவேகம் 20 மீ/வி" என்று திசை இல்லாமல் எழுதி அரை மார்க் விடுகிறவர்கள் அவர்கள்தான்.

ஊரெல்லாம் சுற்றினாலும் விடை சுழி என்கிறது புத்தகம்

சித்திரைத் தேரோட்டத்தில் தேர் கீழமாசி வீதித் தேரடியிலிருந்து கிளம்பி மாசி வீதிகள் நான்கையும் சுற்றி மறுபடி நிலைக்கு வந்து சேரும். கடந்த தொலைவு கிலோமீட்டர் கணக்கில். இடப்பெயர்ச்சி சுழி. சராசரித் திசைவேகமும் சுழி. இதைச் சொன்னபோது ஒரு பெண் கோபமாகவே கேட்டாள்: "அப்போ வடம் பிடிச்சு இழுத்தவங்க எல்லாம் சும்மாவா மிஸ்?" நல்ல கேள்வி. இழுத்தவர்கள் பட்ட பாட்டை இடப்பெயர்ச்சி அளப்பதில்லை. கிளம்பிய இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் நிற்கிறாய் என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் அது பதில்.

எங்கள் டியூஷனில் இதற்குத் தெப்பக்குளம் இருக்கிறது. ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைப் போல ஒரு மூலையில் தொடங்கி இரண்டு கரை நடந்து எதிர் மூலைக்குப் போனால் 595 மீட்டர் நடந்திருப்போம். இடப்பெயர்ச்சி மூலைக்கு மூலை நேர்கோடு, சுமார் 421 மீட்டர். குளத்துக்குள்ளே இறங்கி யாரும் நடக்கப்போவதில்லை. கோடு அதைப் பற்றிக் கவலைப்படாது. இடப்பெயர்ச்சி கேட்ட இடத்தில் 595 வந்தால் இரண்டு பக்கத்தையும் கூட்டியிருக்கிறீர்கள். 1,77,125 என்று வந்தால் பிதாகரஸில் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டீர்கள். நடந்த தொலைவைவிட இடப்பெயர்ச்சி பெரிதாக வந்தால் மேலே பார்க்காமல் அடித்துவிடலாம், அது நடக்கவே நடக்காது.

இன்னொன்று. ஒரே வேகத்தில் நடந்து மூலையில் திரும்பினால் அந்தத் திருப்பத்தில் முடுக்கம் உண்டு. வேகம் மாறவில்லை, திசை மாறியது, அதுவே போதும். தேர் மூலை திரும்பும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் திசையை மாற்றவும் விசை வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வர்க்கமூலத்துக்குள் மைனஸ், அல்லது நேரம் மைனஸில்

இதில் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். மேலே எறிந்த பந்துக் கணக்குகளில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

10 மீட்டர் உயர மொட்டை மாடியிலிருந்து பந்தை 5 மீ/வி வேகத்தில் நேராக மேலே எறிகிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். பந்து எத்தனை விநாடியில் தரையைத் தொடும்?

நோட்டில் முதலில் போட வேண்டியது சூத்திரம் இல்லை, ஓர் அம்புக்குறி. மேல் நோக்கி ஓர் அம்பு வரைந்து பக்கத்தில் கூட்டல் குறி போடுங்கள். இனி இந்தக் கணக்கு முடியும்வரை மேலே போவதெல்லாம் கூட்டல், கீழே போவதெல்லாம் கழித்தல். எறிந்த வேகம் +5. முடுக்கம் −10. தரை, எறிந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது. எனவே இடப்பெயர்ச்சி −10. இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + பாதி முடுக்கம் × நேரத்தின் வர்க்கம் என்ற சூத்திரத்தில் போட்டால், −10 = 5 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். சுருக்கினால் நேரம் 2 விநாடி. கூடவே −1 என்று இன்னொரு விடையும் வரும்.

இனி தப்புகளைப் பார்ப்போம். உயரம்தானே என்று இடப்பெயர்ச்சியை +10 என்று போட்டால், சமன்பாட்டைத் தீர்க்கும்போது வர்க்கமூலத்துக்குள் −7 வந்து உட்காரும். கணிப்பானில் தட்டினால் பிழை என்று காட்டும். சமன்பாடு சொல்வது நியாயமானதுதான்: 5 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து ஒருபோதும் 10 மீட்டர் மேலே போகாது, இல்லாத நேரத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்கிறது. அது போகக்கூடிய உச்சம் எறிந்த இடத்திலிருந்து ஒன்றேகால் மீட்டர்தான். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தால் பந்தை அது போகாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

சிலருக்கு 1 விநாடி என்று வரும். பார்க்க அழகான விடை, சந்தேகமே வராது. ஆனால் அது கீழ்நோக்கி எறிந்த பந்துக்கான விடை. எல்லாவற்றுக்கும் கூட்டல் குறி போட்டால், வேகமும் கீழே, முடுக்கமும் கீழே, தூரமும் கீழே என்று ஆகிவிடும். நீங்கள் மேலே எறிந்த பந்தைச் சூத்திரம் கீழே எறிந்துவிட்டது.

அப்புறம் அந்த −1. "மைனஸ் நேரம் கிடையாது, அடிச்சிடு" என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். ஒரு நாள் ஒரு பையன், "அப்போ அது எதுக்கு மிஸ் வருது?" என்று விடாமல் கேட்டான். உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். யாரோ ஒருவர் தரையிலிருந்து 15 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்தால், சரியாக ஒரு விநாடியில் அது 10 மீட்டர் உயரத்தில், 5 மீ/வி வேகத்தில் உங்கள் மாடியைத் தாண்டும். அதாவது உங்கள் கையை விட்டுக் கிளம்பும் பந்து எப்படிப் போகிறதோ அச்சு அசல் அப்படியே. மாடியில் நீங்கள் எறிந்தீர்களா, ஒரு விநாடிக்கு முன்னால் கீழேயிருந்து வந்ததா என்று சமன்பாட்டுக்குத் தெரியாது, இரண்டையும் சொல்லிவிடுகிறது. தேர்வில் அடித்துவிட வேண்டியதுதான், ஆனால் அர்த்தம் தெரிந்து அடிக்கலாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு பழைய தப்பு: உச்சியில் திசைவேகம் சுழி, அதனால் முடுக்கமும் சுழி என்று எழுதுவது. உச்சியில் இரண்டும் சுழியானால் பந்து கீழே வராது. அப்படியே அந்தரத்தில் நிற்கும். எறிந்த கணத்திலிருந்து தரையைத் தொடும் கணம்வரை முடுக்கம் கீழ்நோக்கி அதே அளவு, உச்சியிலும் அதேதான்.

வரைபடத்திலிருந்து எடுத்த வேகம் ஒட்டவில்லை

தொலைவு–நேர வரைபடத்தில் கோட்டின் சாய்வுதான் வேகம். படுக்கை அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 10 விநாடி, செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்று அளவுத்திட்டம் போட்டிருக்கிறோம். கோடு குறுக்கே 5 செ.மீ., மேலே 4 செ.மீ. போகிறது. நாலை ஐந்தால் வகுத்து 0.8 என்று எழுதினால் தப்பு. 200 மீட்டரை 50 விநாடியால் வகுத்து 4 மீ/வி என்பதே சரி. கணிதத்தில் சாய்வு என்றால் டான் கோணம் என்று படித்துவிட்டுக் கோணமானியை வைக்கிறவர்களுக்கும் அதே 0.8 வரும். அளவுத்திட்டத்தை மாற்றி வரைந்தால் கோணம் மாறிவிடும், பேருந்தின் வேகம் எப்படி மாறும்?

இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டு வண்டியின் வேகமும் சமம் என்று எழுதுவது அடுத்த வழக்கம். வெட்டும் இடத்தில் அவை சந்திக்கின்றன, அவ்வளவுதான். வேகம் சமமானால் கோடுகள் இணையாக ஓடும்.

லேபில் எடுக்கும் அளவு ஒத்துவரவில்லை

முதலில் ஒரு சோதனை. ஒரே பொருளை ஐந்து முறை அளங்கள், பிறகு அளவு தெரிந்த வேறு இரண்டு பொருளையும் அளங்கள்.

எல்லா அளவும் ஒரே எண்ணால் கூடியோ குறைந்தோ இருந்தால் அது சுழிப் பிழை. ஒரு முறை கூட, ஒரு முறை குறைய என்று சிதறினால் கை அழுத்தமோ கண் வைக்கும் கோணமோ காரணம். பொருள் பெரிதாகப் பெரிதாகப் பிசகும் பெரிதானால் அளவுகோலே சரியில்லை. மூன்றாவது வகைக்கு மதுரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, பூக்கடைக்குப் போனால் தெரியும். மல்லிகைச் சரத்தை முழங்கையிலிருந்து விரல்நுனிவரை பிடித்து ஒரு முழம் என்பார்கள். கை குட்டையானவர் அளந்தால் ஒரு முழத்துக்கு இரண்டு விரல் குறையும், ஐந்து முழத்துக்குப் பத்து விரல் குறையும். என் அம்மா பூ வாங்கும்போது பூக்காரம்மாவின் கையைத்தான் முதலில் பார்ப்பார். யார் கையையும் நம்ப வேண்டாம் என்பதற்குத்தான் மீட்டரை ஒளியிடம் ஒப்படைத்தார்கள்: 1983 முதல், ஒரு விநாடியை 29,97,92,458 பங்கு போட்டு அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் போகும் தூரம்தான் ஒரு மீட்டர்.

சரி, வெர்னியருக்கு வருவோம், அதாவது முதன்மைக் கோலின் மேல் நழுவும் சின்னக் கோலால் 0.01 செ.மீ. வரை அளக்கும் கருவிக்கு. கையில் வாங்கியதும் பொருளைத் தேடாதீர்கள். தாடைகளை ஒரு துணியால் துடைத்து, முழுக்க மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெர்னியரின் சுழிக்கோடு முதன்மைக் கோலின் சுழிக்கோட்டுக்கு வலப்பக்கம் நின்று, நாலாவது பிரிவு ஒன்றினால் சுழிப் பிழை +0.04 செ.மீ. இடப்பக்கம் நின்று ஏழாவது பிரிவு ஒன்றினால் அது −0.07 இல்லை, பத்திலிருந்து ஏழைக் கழித்து −0.03. இந்த இடத்தில்தான் பாதி வகுப்பு விழும்.

திருத்தம் கூட்டலா கழித்தலா என்று குழம்பினால் காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு காலியாக இருக்கும்போதே 20 கிராம் காட்டினால் கடைசியில் அந்த 20-ஐக் கழிக்கத்தானே சொல்வீர்கள்? ஊசல் குண்டை வைத்து முதன்மைக் கோலில் 2.3, ஒன்றிய பிரிவு 6 என்று பார்த்தால் 2.36. பிழை +0.04 என்றால் சரியான விட்டம் 2.32 செ.மீ. உங்களுக்கு 2.40 வந்து, பக்கத்து மேசைக்காரருக்கு 2.32 வந்தால் நீங்கள் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள். வித்தியாசம் பிழையைப் போலச் சரியாக இரண்டு மடங்கு.

எந்தக் கோடு ஒன்றியது என்பதில் சண்டை வரும். ஐந்தா ஆறா என்று தெரியாவிட்டால் அந்தக் கோட்டையே முறைத்துப் பார்க்காமல் அதன் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள். ஒன்றிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் விலகல் ஒரே மாதிரி, எதிரெதிராக இருக்கும். கண் நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் வருவதுதான் இடமாறு தோற்றப் பிழை. பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து வேகமானியைப் பார்க்கும்போது முள் தள்ளித் தெரிகிறதே, அதே கதை.

திருகு அளவியில் விடை சரியாக ஒரு மில்லிமீட்டர் பிசகினால் புரிக்கோலில் ஒரு கோட்டைக் கூட்டியோ விட்டோ படித்திருக்கிறீர்கள். சிதறினால் தலையை இறுக்கித் திருகுகிறீர்கள்; பின்னாலிருக்கும் சின்னக் குமிழைத் திருகி 'டிக்' சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் திருகிப் படிக்காமல் ஒரே திசையில் திருகிப் படியுங்கள்.

ஊசலில் 9.8 வரவில்லை

ஊசலின் நீளத்தையும் அலைவுநேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை இது; புத்தகத்தில் இருப்பது 9.8 மீ/வி². அது வரவில்லை என்றதும் பிள்ளைகள் செய்வது என்ன என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும்: 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை நிரப்புவது. நான் படித்த காலத்தில் நானும் செய்திருக்கிறேன். தப்பான எண்ணை மறைத்தால் அது சொல்ல வந்ததும் போய்விடுகிறது. மதுரை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே உண்மையான மதிப்பு சுமார் 9.78. எனவே 9.80 என்று இரண்டு தசமத்துக்குத் துல்லியமாக எழுதிக் கொண்டுவரும் நோட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

ஒரு மீட்டர் ஊசல் ஒரு முழு அலைவுக்கு ஏறக்குறைய 2.01 விநாடி எடுக்கும். உங்களுக்கு 39 வந்தால் போனதை ஒன்று, வந்ததை இரண்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். அலைவுநேரம் பாதியானது, விடை நாலு மடங்கானது. 10.8 வந்தால் குண்டை விடும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். "இருபது" என்னும்போது பத்தொன்பது அலைவுதான் முடிந்திருக்கும். விடும்போது "சுழி" என்று சொல்லப் பழகுங்கள், வாய்விட்டே சொல்லுங்கள்.

9.67 பக்கம் வந்தால் நூலை மட்டும் அளந்து குண்டின் ஆரத்தை விட்டிருக்கிறீர்கள். மேலே அளந்த குண்டின் விட்டம் 2.32 என்றால் ஆரம் 1.16 செ.மீ.; ஒரு மீட்டரில் அது ஒரு சதவீதத்துக்கு மேல். குண்டின் அடிவரை அளந்தால் மாறாக 9.89 பக்கம் போகும். நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம்வரை.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ஒரே ஓர் அலைவை அளக்கிறீர்கள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சுமார் 0.2 விநாடி போய்விடும். இரண்டு விநாடியில் அது பத்து சதவீதம். அலைவுநேரத்தை வர்க்கம் எடுப்பதால் விடையில் இருபது சதவீதம். இருபது அலைவுக்கு எடுத்தால் அதே 0.2 விநாடி நாற்பது விநாடியில் கரைந்து, விடையில் ஒரு சதவீதத்துக்கு வந்துவிடும். இருபது ஏன் என்று வாய்வழித் தேர்வில் கேட்டால் "மேனுவலில் இருக்கு" என்று சொல்லாமல் இதைச் சொல்லுங்கள்.

விடை சரி, மார்க் குறைகிறது

குண்டின் கன அளவு 6.53827 கன செ.மீ. என்று எழுதியிருப்பீர்கள். விட்டத்தை 2.32 என்று மூன்று எண்ணுருவுக்குத்தான் அளந்தோம், விடை ஆறு எண்ணுருவுக்கு எங்கிருந்து வந்தது? 6.54 போதும். முக்கிய எண்ணுரு புரியாதவர்களை நான் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்கு அனுப்புகிறேன், மனதால்தான். அங்கே ஒரு சவரனை 8 கிராம் என்று பில்லில் எழுத மாட்டார்கள், 8.000 என்று எழுதுவார்கள். அந்த மூன்று சுழியும் சும்மா இல்லை, மில்லிகிராம்வரை நிறுத்தேன் என்ற உறுதி. மீன் கடைத் தராசுக்காரர் 8.000 என்று எழுதினால் அது பொய்.

இரண்டு சதவீதம் மட்டும் தள்ளி நிற்கிறது

20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும்? உங்களுக்கு 20 மீட்டர், புத்தகத்தில் 20.4 மீட்டர். மேலே சொன்ன எல்லாவற்றையும் தேடிவிட்டு ஒரு பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். தேட ஒன்றுமில்லை. நீங்கள் 10 எடுத்திருக்கிறீர்கள், அவர்கள் 9.8 எடுத்திருக்கிறார்கள். வினாவில் எந்த எண் கொடுத்திருக்கிறார்களோ அதை எடுங்கள். கொடுக்காவிட்டால் எதை எடுத்தீர்கள் என்று கணக்கின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், திருத்துகிறவருக்கும் குழப்பம் வராது.